அணுகல்தன்மை: சொல்வழக்கும் நீதிமன்ற வழக்கும்

அமெரிக்காவில் இணையத்தில் வியாபாரம் செய்யும் சிறு கடைக்காரர்களைக் கலங்கவைக்கும் சொல், அக்சஸிபிலிட்டி. பார்வையிலோ செவியிலோ கை அசைவிலோ குறையுள்ளவரும் மற்றவர்களைப் போலவே ஓர் இடத்தை, பொருளை, இணையதளத்தைப் பயன்படுத்த முடிவதுதான் அதன் பொருள்.

பார்வையற்ற ஒருவர் துணிக்கடைத் தளம் ஒன்றுக்குப் போகிறார் என்று வைத்துக்கொள்வோம். திரையில் இருப்பதை ஸ்கிரீன் ரீடர் என்ற மென்பொருள் அவருக்கு வாசித்துக் காட்டும். சட்டையின் படத்துக்கு விளக்கம் எழுதாமல் விட்டிருந்தால் 'படம்' என்றோ, கோப்பின் பெயரையோ வாசிக்கும். வாங்கும் பொத்தானுக்குப் பெயர் வைக்காமல் வெறும் ஐகானாக விட்டிருந்தால் 'பொத்தான்' என்று மட்டும் சொல்லும். அடுத்ததும் 'பொத்தான்'. எது எதற்கென்று அவர் எப்படிக் கண்டுபிடிப்பார்? கையில் பணம் இருந்தும் வாங்க வழியில்லை.

ஆங்கிலச் சொல்லின் வேர் லத்தீனில் இருக்கிறது. 'அட்' என்றால் நோக்கி, 'செதேரே' என்றால் செல்லுதல். தமிழில் 'அண்' என்ற அடி நெருக்கத்தைக் குறிக்கும். அண்மை, அண்டை, அண்டுதல், அணுகுதல் எல்லாம் ஒரே குடும்பம். திருக்குறளிலேயே (691) 'அகலாது அணுகாது' என்று வருகிறது. ஆக, இரு மொழியிலும் கருத்து ஒன்றுதான்: கிட்டப் போதல்.

தமிழில் இதற்கு 'அணுகல்தன்மை', 'மாற்றுத்திறன் வசதி' என்று இரண்டு வழக்குகளைப் பார்க்கிறோம். வெறும் 'அணுகல்' போதாது. கடவுச்சொல் தந்து உள்ளே விடுவதும் அணுகல்தான். 'வசதி' எளிதாகப் புரியும், ஆனாலும் எனக்கு அதில் உடன்பாடில்லை. வசதி என்றால் பிறகு சேர்த்துக்கொள்வது, விருப்பப்பட்டால் தருவது. தன்மை என்பது பொருளோடு கூடவே இருப்பது. இந்த வேறுபாடு புரியாமல்தான் பல கடைகள் மறுபடி மறுபடி நீதிமன்றப் படி ஏறுகின்றன.

அமெரிக்க மாற்றுத்திறனாளிகள் சட்டம் 1990 ஜூலை 26 அன்று கையெழுத்தானது. கடை, உணவகம், விடுதி என எல்லாவற்றுக்கும் அது பொருந்தும். இணையதளம் என்ற சொல் மட்டும் அதில் இல்லை. டாமினோஸ் பீட்சாவின் தளத்திலும் செயலியிலும் ஆர்டர் செய்ய முடியவில்லை என்று பார்வையற்ற ஒருவர் தொடுத்த வழக்கில், சட்டம் இவற்றுக்கும் பொருந்தும் என்று மேற்கு மாநிலங்களுக்கான ஒன்பதாவது வட்ட மேல்முறையீட்டு நீதிமன்றம் 2019-இல் சொன்னது. நிறுவனத்தின் மேல்முறையீட்டை உச்ச நீதிமன்றம் ஏற்கவில்லை.

டாமினோஸ் பெரிய நிறுவனம். சிறு கடைக்காரரின் நிலை வேறு. வழக்குப் போடுமுன் நோட்டீஸ் அனுப்பவேண்டும் என்று இந்த மத்திய சட்டம் கேட்பதில்லை. அந்தச் சட்டத்தின்படி வழக்குத் தொடுத்தவருக்கு இழப்பீடு கிடையாது. அவர் ஜெயித்தால் வக்கீல் செலவைக் கடைக்காரர் தலையில் கட்டலாம். கலிஃபோர்னியாவில் மாநிலச் சட்டப்படி குறைந்தது 4,000 டாலர் இழப்பீடும் உண்டு. வாதாடுவதைவிட சமரசம் மலிவு என்று பலர் பணத்தைக் கொடுத்து முடித்துக்கொள்கிறார்கள். ஆனால் அந்தச் சமரசம் அந்த ஒருவரோடுதான். தளம் பழையபடியே கிடந்தால் இன்னொருவர் வழக்குப் போடலாம், அப்புறம் இன்னொருவர். ஒரே வக்கீல் அலுவலகம் ஒரே மாதிரியான மனுக்களை வரிசையாகத் தாக்கல் செய்வதும் நடக்கிறது. கடைக்காரரின் கோபம் நியாயமானது. அதற்காக அந்தப் பெயரில்லாத பொத்தான் பொய்யாகிவிடாது.

பயந்துபோனவர்கள் பலர் 'ஒரு வரி நிரலைச் சேர்த்தால் போதும்' என்று விற்கப்படும் விட்ஜெட்டை, அதாவது தளத்தின் மேல் ஓடும் சிறு ஆயத்த நிரலை, வாங்கித் தளத்தில் ஒட்டுகிறார்கள். தன்மையை வசதியாக எண்ணிக்கொள்வது என்று நான் சொன்னது இதைத்தான். அடியில் உள்ள தவறுகள் அப்படியே இருப்பதால், விட்ஜெட் ஒட்டிய தளங்கள் மீதும் வழக்கு வருகிறது. எந்தத் தளத்தையும் அணுகல்தன்மை நெறிமுறைகளுக்கு இணங்கச் செய்துவிடும் என்று தன் விட்ஜெட்டை விளம்பரப்படுத்திய அக்சஸ்பீ நிறுவனம் 10 லட்சம் டாலர் கட்டவேண்டும் என்று 2025-இல் அந்நாட்டு வர்த்தக ஆணையம் உத்தரவிட்டது.

சரி, எதைப் பார்த்துத் திருத்துவது? தனியார் தளங்களுக்கென்று மத்திய அரசு தொழில்நுட்ப விதி எதையும் வகுக்கவில்லை. நீதிமன்றங்களும் சமரசங்களும் பெரும்பாலும் எடுத்துக்கொள்வது, இணையத்துக்கான தரங்களை வகுக்கும் டபிள்யூ3சி அமைப்பின் வலை உள்ளடக்க அணுகல்தன்மை நெறிமுறைகளைத்தான். படத்துக்கு விளக்கம், பொத்தானுக்குப் பெயர், எழுத்துக்கும் பின்னணிக்கும் போதிய நிற வேறுபாடு, மவுஸ் இல்லாமல் விசைப்பலகையாலேயே எல்லாம் செய்ய முடிவது ஆகியவற்றில் தொடங்கலாம். ஆண்டு வருவாய் 10 லட்சம் டாலருக்கு மேல் போகாத கடை, அல்லது முழுநேர ஊழியர் 30 பேருக்கு மேல் இல்லாத கடை, இப்படிப்பட்ட செலவுக்கு ஆண்டுக்கு 5,000 டாலர் வரை வரிச்சலுகை கோரலாம்.