புளியங்குடி எந்தப் புளி?

தென்காசி மாவட்டத்துப் புளியங்குடி இன்று எலுமிச்சைச் சந்தைக்குப் பேர் போன ஊர். ஆனால் பெயரில் இருப்பது புளி. அதுவும் சுவைப் புளி அல்ல, மரப் புளி. இதை ஊர் வரலாற்றைப் புரட்டாமலே சொல்லிவிடலாம். பெயருக்கு நடுவில் ஒரு 'அம்' உட்கார்ந்திருக்கிறது: புளி, அம், குடி.

தொல்காப்பியம் இதற்கென்றே விதி வைத்திருக்கிறது. புளிமரத்தைக் குறிக்கும் சொல்லோடு இன்னொரு சொல் சேர்ந்தால் இடையில் 'அம்' சாரியை, அதாவது இரு சொல்லை இணைக்கும் இடைச்சொல், வரும். சுவையைக் குறித்தால் வராது. இன்றும் நாம் புளியங்கொட்டை என்கிறோம், ஆனால் புளியங்குழம்பு என்று யாரும் சொல்வதில்லை, புளிக்குழம்புதான். பனைக்கும் இதே கதை. கடைசி ஐகாரம் விழுந்து, 'அம்' ஏறிப் பனங்காய், பனங்காடு. ஆலங்குடி, ஆலங்காடு என்று வந்தாலும் ஆலமரத்தைச் சந்தேகிக்க நல்ல காரணம் உண்டு.

இந்தத் தடயம் எல்லா ஊருக்கும் உதவாது. பின்னால் வருவது 'ஊர்' போல உயிரெழுத்தில் தொடங்கினால் பனையூர், புளியூர் என்று நேராக ஒட்டிக்கொள்ளும், 'அம்' தலைகாட்டாது. அதனால்தான் வேலூர் வேலமரத்தின் ஊரா, முருகன் கை வேலின் ஊரா என்று இரு தரப்பும் இன்னும் பேசிக்கொண்டிருக்க முடிகிறது. இலக்கணம் அங்கே வாயைத் திறப்பதில்லை.

சரி, ஓர் ஊருக்கு எந்த மரம் பெயராகிறது? அதிகமாக இருக்கும் மரம் என்று நினைப்போம். அப்படி இருக்க வேண்டியதில்லை. பெயரின் வேலை ஓர் இடத்தை அடுத்த இடத்திலிருந்து பிரித்துக் காட்டுவது. சுற்றுவட்டாரம் முழுக்கத் தென்னை நிற்கும்போது 'தென்னை ஊர்' என்றால் வழி கேட்பவனுக்கு என்ன பயன்? தனித்துத் தெரியும் மரமோ, நீர் இருப்பதைக் காட்டிக்கொடுக்கும் செடியோதான் பெயராக நிலைக்க வாய்ப்பு அதிகம். ஆற்றோரத்தில் செழிக்கும் மருதமரம் காவிரிக் கரைத் திருவிடைமருதூரில் இருக்கிறது. திருநெல்வேலி பக்கத்துத் தாழையூத்து இன்னும் வெளிப்படை: ஈரம் தேடும் தாழையும், ஊற்றும் ஒரே பெயரில்.

ஆட்பெயர்கள் போகும் வழி வேறு. அங்கே பூவுக்குத்தான் மவுசு: செண்பகம், அல்லி, முல்லை, தாமரைச்செல்வி. வேம்பு போன்ற மரப்பெயர்களும் உண்டு என்றாலும், பிள்ளைக்கு வைக்கும் பெயரில் ஆசை இருக்கிறது. ஊருக்கு வைக்கும் பெயரில் அடையாளம் இருக்கிறது. தாவரக் கணக்கெடுப்பாகப் படிக்க ஊர்ப்பெயரே தோது.

படிக்கும்போது ஓர் எச்சரிக்கை. பெயர் வைத்தபோது மரம் அங்கே இருந்திருக்கலாம் என்பதற்குத்தான் அது சாட்சி. மரம் அந்த மண்ணிலேயே தோன்றியது என்பதற்கு அல்ல. நாம் நம்முடையது என்று நினைக்கும் புளியமரத்தின் பூர்வீகம் ஆப்பிரிக்கா. வெகு காலத்துக்கு முன்பே வந்துவிட்டதால் பழைய ஊர்ப்பெயர்களில் இடம் பிடித்துவிட்டது. இன்று ராமநாதபுரத்தை வளைத்திருக்கும் சீமைக் கருவேலமோ அமெரிக்கக் கண்டத்திலிருந்து பிந்தி வந்தது. ஆகவே ஒரு பழைய பெயரில் கருவேலம் என்று கண்டால் அது நாட்டுக் கருவேலம்தான்.

இப்போது தில்லைக்கு வருவோம். சிதம்பரத்தின் பழைய பெயர் தில்லை. தில்லை என்பது அலையாத்திக் காட்டு மரம், அதாவது கடலோர உவர்நீர்ச் சதுப்பில் வளரும் காட்டின் மரம், ஆமணக்குக் குடும்பம். கிளையை ஒடித்தால் வெள்ளைப் பால் வடியும். தோலில் பட்டால் கொப்புளம், கண்ணில் பட்டால் சில நேரம் பார்வையே போய்விடும். இதன் பேரினத்துக்கு லின்னேயஸ் வைத்த எக்ஸ்கோகேரியா என்ற பெயரும் குருடாக்குவதைக் குறிக்கும் இலத்தீன் சொல்லிலிருந்துதான் பிறந்தது. உதிரும் முன் இலை சிவந்துவிடுவதால் தூரத்திலேயே தெரியும். இவ்வளவு ஆபத்தும் அழகும் உள்ள மரத்துக்கு ஊரில் பெயர் கிடைத்ததில் ஆச்சரியமில்லை.

ஆச்சரியம் வேறு. இன்று தில்லை மரங்களைக் காட்டில் பார்க்க வேண்டுமானால் 15 கிலோமீட்டர் போல கிழக்கே பிச்சாவரம் போக வேண்டும். அங்கேயும் படகில் போகும்போது தண்ணீருக்குள் முட்டுவேர் ஊன்றி நிற்பது சுரபுன்னை. தில்லைக்கு முட்டுவேரும் கிடையாது, சேற்றிலிருந்து ஈட்டிபோல் எழும் மூச்சுவேரும் கிடையாது. தினமும் இருமுறை மூழ்கும் இடம் அதற்கு ஒத்து வராது. அது அலையாத்திக் காட்டின் நிலத்தை ஒட்டிய விளிம்பில், அவ்வப்போது மட்டும் உவர்நீர் ஏறும் மேட்டில் நிற்கும். அப்படியானால் அந்த விளிம்பு ஒரு காலத்தில் சிதம்பரம் வரை வந்திருந்ததா? வெள்ளாறும் கொள்ளிடமும் வண்டல் கொட்டிக் கரையை மாற்றிய நிலம் இது, நடந்திருக்கக்கூடியதுதான். ஆனால் பெயரை மட்டும் வைத்து முடிவு கட்ட முடியாது.

சோதிக்க வழி இருக்கிறது. மகரந்தத் துகளின் வெளி ஓடு எளிதில் மக்காது. காற்றுப் புகாத சேற்றில் ஆயிரக்கணக்கான ஆண்டுகள் கிடக்கும். குழாய் இறக்கிச் சேற்றை அடுக்குக் குலையாமல் எடுத்து, அதிலுள்ள கதிரியக்கக் கரிமத்தின் அளவை வைத்து ஒவ்வோர் அடுக்கின் வயதையும் கணித்து, நுண்ணோக்கியில் துகள்களை அடையாளம் கண்டால் எந்தக் காலத்தில் எந்த மரம் நின்றது என்று வரிசைப்படுத்தலாம். இதிலும் ஒரு சிக்கல். சுரபுன்னை மகரந்தத்தைக் காற்றில் அள்ளி இறைக்கும். தில்லை பூச்சிகளை நம்பியிருப்பதால் அதன் மகரந்தம் சேற்றில் குறைவாகவே சேரும். ஆகவே மாதிரியில் தில்லை அகப்படவில்லை என்பதால் அது அங்கே இல்லை என்று ஆகாது. நாலைந்து துகள் கிடைத்தால்கூட அதைப் பெரிதாகவே எடுத்துக்கொள்ள வேண்டும்.