அங்கன்வாடியில் எழுத்துக்கு முன் பேச்சு

ஏற்காட்டு மலைக் கிராமங்களிலும் சேலம் நகரத்திலும் பிள்ளையை அங்கன்வாடிக்கு அனுப்பும் பெற்றோர் பலருடைய குறை, "நோட்டில் ஒரு எழுத்துகூட எழுதி வரவில்லையே, டீச்சர்" என்பதாகவே இருக்கிறது. எழுத வைக்காதது பணியாளரின் அலட்சியம் அன்று; திட்டமே அப்படித்தான் வகுக்கப்பட்டுள்ளது.

1975 அக்டோபர் 2 அன்று தொடங்கிய ஒருங்கிணைந்த குழந்தைகள் வளர்ச்சிப் பணிகள் திட்டத்தில், ஊட்டச்சத்தோடு 3 முதல் 6 வயது வரையுள்ள குழந்தைகளுக்கான முன்பருவக் கல்வியும் அடங்கும். இதற்குக் கட்டணம் கிடையாது. தமிழ்நாட்டு மையங்களில் 2 வயது முடிந்த குழந்தைகளையும் சேர்த்துக்கொள்கிறார்கள். பாட்டு, கதை, விளையாட்டு ஆகியவையே அங்கே பாடம்.

மிளகுக் கொடியில் அப்பா ஏணி சாத்தி ஏறியதை ஒரு குழந்தை சொல்லும்போது, பணியாளர் "அப்புறம்?" என்று கேட்டால், அது அடுத்த நிகழ்ச்சியை நினைவில் தேடி, சொற்களை வரிசைப்படுத்தி, ஒரு முழு வாக்கியத்தை அமைக்கிறது. பின்னாளில் பத்தியைப் படித்துப் பொருள் கொள்வதற்கு வேண்டியதும் இதே திறன்தான். கல் என்பதற்கும் கால் என்பதற்கும் உள்ள வேறுபாட்டைக் காது பிரித்தறிந்திருந்தால்தான், துணைக்கால் எதற்காக வருகிறது என்பது கண்ணுக்கு விளங்கும். காது பழகுமுன் எழுத வைத்தால், பிள்ளை எழுத்தை வரைகிறதே தவிரப் படிப்பதில்லை.

வீட்டுப் பேச்சைத் திருத்திக்கொண்டே இருக்க வேண்டியதில்லை. சேர்வராயன் மலையில் வாழும் மலையாளிப் பழங்குடியினர், பெயரைக் கேட்டுப் பிறர் நினைப்பதுபோல் மலையாளம் பேசுபவர்கள் அல்லர். அவர்களுடைய பேச்சு தமிழே. சேலத்தில் தெலுங்கு, கன்னடம், சௌராட்டிரம் பேசும் வீடுகளும் உண்டு. எந்த மொழியானாலும் வீட்டில் நிறையப் பேசுவது எழுத்தறிவுக்குத் துணையே. 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம், 29ஆம் பிரிவில், இயன்றவரை தாய்மொழி வழியே கற்பிக்க வேண்டும் என்று தொடக்கக் கல்விக்குச் சொல்கிறது.

ஒன்றாம் வகுப்பில் சேர்ந்தபின், 2022 ஜூனில் தொடங்கிய எண்ணும் எழுத்தும் திட்டத்தின்படி, குழந்தைகள் அரும்பு, மொட்டு, மலர் என்னும் நிலைகளில் அவரவர் திறனுக்கேற்பக் கற்கிறார்கள். தொடக்க நிலையான அரும்பில் இருப்பது தண்டனை அன்று. பெற்றோர் இதற்காகப் பதற வேண்டாம்.

இரண்டு வயது முடிந்தும் இரண்டு சொற்களைச் சேர்த்துப் பேசாத குழந்தைக்கு, "அவங்க அப்பாவும் இப்படித்தான்" என்று காத்திருப்பது சரியன்று. ராஷ்டிரிய பால் ஸ்வாஸ்திய காரியக்ரம் என்னும் தேசிய குழந்தைகள் நலப் பரிசோதனைத் திட்டத்தின் மருத்துவக் குழு அங்கன்வாடிக்கு வரும் நாளைப் பணியாளரிடம் கேட்டறிந்து காட்டலாம். காது கேட்கும் திறனையும் சோதிக்கச் சொல்லுங்கள். தேவைப்பட்டால் மேல் பரிசோதனைக்கும் சிகிச்சைக்கும் அரசு மருத்துவமனைக்குக் கட்டணமின்றி அனுப்புவார்கள்.