அட்டெய்ண்டர்: பழிசாற்றுச் சட்டம்

அட்டெய்ண்டர் என்பது இங்கிலாந்தின் பழஞ்சட்டத்தில் வழங்கிய சொல். ராஜதுரோகம் போன்ற பெருங்குற்றத்தைச் செய்தவர் என்று முடிவாகிவிட்ட ஒருவர், உயிரோடு நிலம், பட்டம், உடைமை, வாரிசுரிமை ஆகிய அனைத்தையும் இழந்து, சட்டத்தின் பார்வையில் முன்னதாகவே இறந்தவராகிவிடும் நிலையை அது குறிக்கும். நீதிமன்றம் விசாரித்து மரணதண்டனை விதித்தாலும் அந்நிலை தானே வந்து சேரும். ஆயினும் அச்சொல்லுக்கு வரலாற்றில் கெட்ட பெயர் வாங்கித் தந்தது வேறொரு வழி. வழக்கு நடத்தாமல், சாட்சிகளைக் கேளாமல், குற்றஞ்சாட்டப்பட்டவரை அழைத்து ஒரு சொல் பேசவும் விடாமல், நாடாளுமன்றமே அவருடைய பெயரைச் சுட்டி ஒரு சட்டம் இயற்றி, இவர் துரோகி, இவர் சாகவேண்டியவர் என்று அறிவித்துவிடும். சாலை போடுவதற்கும் கம்பளி ஏற்றுமதிக்கும் சட்டம் செய்வதைப் போலவே மூன்று வாசிப்பு, இரு அவைகளின் இசைவு, அரசரின் ஒப்புதல் ஆகியவற்றோடு ஒரு மனிதரின் கதை முடிந்துவிடும்.

இச்சொல்லின் முழுப் பொருளையும் ஒரே மனிதரின் வாழ்க்கையில் காணலாம். அவர் எட்டாம் ஹென்றியின் தலைமை அமைச்சராக விளங்கிய தாமஸ் கிராம்வெல். பிறருக்காக இக்கருவியைத் தீட்டி வைத்தவரும் அவர்; அதே கருவியால் 1540இல் மடிந்தவரும் அவர்.

முதலில் சொல்லின் வேரைப் பார்ப்போம். இலத்தீனில் 'தாங்கெரே' என்றால் தொடுதல். அதனோடு முன்னொட்டுச் சேர்ந்த 'அத்திங்கெரே' எட்டித் தொடுதலைக் குறித்தது. அது பழைய பிரெஞ்சில் 'அதெய்ந்த்ர்' என்று திரிந்து, எட்டுதல் என்ற பொருளோடு, குற்றவாளியைச் சட்டம் எட்டிப் பிடித்தல், குற்றத்தை உறுதிசெய்தல் என்ற பொருள்களையும் பெற்றது. இங்கிலாந்தின் நீதிமன்றங்களில் நெடுங்காலம் பிரெஞ்சு மொழியே வழங்கியதால், அவ்வினையின் மூல வடிவம் அப்படியே பெயர்ச்சொல்லாக நிலைத்து அட்டெய்ண்டர் ஆயிற்று. ஒன்றை அடைதல், எய்துதல் என்ற பொருளில் இன்று ஆங்கிலத்தில் வழங்கும் 'அட்டெய்ன்' என்ற நற்சொல்லும் இதே வயிற்றில் பிறந்ததுதான். மனிதன் பதவியை எட்டினால் ஒரு சொல். சட்டம் மனிதனை எட்டினால் அதன் உடன்பிறந்த மற்றொரு சொல்.

கிராம்வெல் எட்டிய உயரம் அக்காலத்துக்குப் பெரிது. லண்டனுக்கு மேற்கே தேம்ஸ் கரையிலிருந்த பட்னியில், 1485ஆம் ஆண்டை ஒட்டிப் பிறந்தார். தந்தை வால்டர் கொல்லுப் பட்டறை, துணிவெளுப்பு, மது வடித்தல் எனப் பல தொழில் பார்த்தவர். மகன் இளமையிலேயே கடல் கடந்து இத்தாலியிலும் ஆண்ட்வெர்ப்பிலும் சுற்றி, துணி வணிகமும் கணக்கும் மொழிகளும் கற்றுத் திரும்பி, வழக்கறிஞராகி, அப்போது அரசரின் வலக்கையாக விளங்கிய கார்டினல் வுல்சியின் பணியில் அமர்ந்தார். 1529இல் வுல்சி வீழ்ந்தபோது அவரோடு சேர்ந்து மூழ்கியிருக்கவேண்டியவர், நாடாளுமன்ற இடம் ஒன்றைப் பிடித்துக் கரையேறினார். 1532இல் அரசரின் அணிகலன் கருவூலத்துக்குப் பொறுப்பாளர், 1534இல் முதன்மைச் செயலர், 1535இல் திருச்சபைக் காரியங்களில் அரசரின் பதிலாள், 1536இல் அரச முத்திரைக் காப்பாளர் என்று படிப்படியாக ஏறினார். 'தலைமை அமைச்சர்' என்பது நாம் இன்று அவருக்குத் தரும் பெயரே. அப்படியொரு பதவி அன்று சட்டத்தில் இல்லை. போப்பின் அதிகாரத்தை அறுத்ததும், 1536 முதல் 1540 வரை மடாலயங்களைக் கலைத்து அவற்றின் நிலத்தை அரசருக்குச் சேர்த்ததும் அவர் கையால் நடந்தவை. அவ்வளவையும் அவர் நாடாளுமன்றச் சட்டங்களின் வழியாகவே செய்தார் என்பது நம் சொல்லுக்கு முக்கியமானது. சட்டம் இயற்றினால் எதையும் செய்யலாம் என்ற பாடத்தை அரசருக்குக் கற்பித்தவர் அவரே.

அட்டெய்ண்டர் அவர் கண்டுபிடித்ததன்று. அரச குடும்பத்தின் இரு கிளைகள் முடிக்காக மோதிய 15ஆம் நூற்றாண்டு ரோஜாப் போர்களின் காலத்தில் வென்ற தரப்பு தோற்ற தரப்பின் மீது அதை வீசுவது வழக்கமாயிருந்தது. 1485இல் போஸ்வர்த் களத்தில் வென்ற ஏழாம் ஹென்றி, தம் ஆட்சி போருக்கு முந்திய நாளே தொடங்கியதாகக் கணக்கு வைத்து, முடிசூடியிருந்த மன்னருக்காகப் போரிட்டவர்களையே துரோகிகளாக்கிய சாமர்த்தியம் தனிக்கதை. ஆனால் அவையெல்லாம் பெரும்பாலும் களத்தில் மாண்டவர்கள் மீதும் தப்பியோடியவர்கள் மீதும் பாய்ந்தவை. பின்னர் பல நீக்கவும்பட்டன. கிராம்வெல்லின் காலத்தில்தான், கைக்கு எட்டும் தூரத்தில் சிறையில் இருப்பவர் மீது, விசாரணைக்கு மாற்றாக அது பயன்படலாயிற்று. அரசரின் மறுமணத்துக்கு எதிராகத் தீர்க்கதரிசனம் உரைத்த கன்னித்துறவி எலிசபெத் பார்ட்டன் 1534இல் இவ்வாறே முடிக்கப்பட்டார். 1539 மே மாதம் சாலிஸ்பரி சீமாட்டி மார்கரெட் போல் மீதான சட்டமுன்வடிவு வந்தபோது, அவருடைய பெட்டியில் கிடைத்ததாகக் கூறி, கிறிஸ்துவின் ஐந்து காயங்கள் தைக்கப்பட்ட ஓர் அங்கியைக் கிராம்வெல் பிரபுக்கள் அவையில் தூக்கிக் காட்டினார். அந்த அங்கிதான் சான்று. அதற்கு மேல் விசாரணை இல்லை.

இதைப் பற்றிப் பிற்காலத்து நீதிபதி எட்வர்ட் கோக் ஒரு செய்தி சொல்கிறார். கையெட்டும் தூரத்தில் இருப்பவரை அழைத்துக் கேளாமலே நாடாளுமன்றம் அட்டெய்ண்டர் செய்யலாமா என்று, அரசரின் ஆணைப்படி, கிராம்வெல் தலைமை நீதிபதிகளிடம் விடை கேட்டாராம். அது ஆபத்தான கேள்வி என்று அவர்கள் தயங்கினர். நேர்விடை வேண்டும் என்று நெருக்கவே, நாடாளுமன்றம் அப்படிச் செய்துவிட்டால் பிறகு எந்த நீதிமன்றமும் அதைக் கேள்வி கேட்க இயலாது என்று சொன்னார்கள். அவ்வாறு கேளாமலே முடிக்கப்பட்ட முதல் மனிதர் கிராம்வெல்லே என்று கோக் கதையை முடிக்கிறார். கதைக்கு அழகான முடிவுதான். ஆனால் மார்கரெட் போல் அவருக்கு ஓராண்டு முந்தியவர் என்பதால் அது பிழை.

1540 ஏப்ரல் 18 அன்று கிராம்வெல் எசெக்ஸ் பிரபுவானார். ஜனவரியில் அவர் முயன்று முடித்துவைத்த கிளீவ்ஸ் இளவரசி ஆனுடனான திருமணம் அரசருக்குக் கசந்திருந்ததும், நார்ஃபோக் கோமகனின் தரப்பு அரசரின் காதில் ஓதிக்கொண்டிருந்ததும் அந்தப் பட்டத்தின் பளபளப்பில் வெளியே தெரியவில்லை. எட்டு வாரம்கூட முழுமையாகக் கழியவில்லை. ஜூன் 10 அன்று வெஸ்ட்மின்ஸ்டரில் மந்திராலோசனை மேசையருகே காவற்படைத் தலைவர் வந்து அவரைக் கைதுசெய்தார். கிராம்வெல் தொப்பியைக் கழற்றித் தரையில் வீசினார் என்றும், நார்ஃபோக் அவர் கழுத்திலிருந்த புனித ஜார்ஜ் பதக்கத்தைப் பறித்தார் என்றும், இன்னொரு பிரபு அவர் காலிலிருந்த, கார்ட்டர் என்னும் வீரப் பட்டத்தின் பட்டையை அவிழ்த்தார் என்றும் பிரெஞ்சுத் தூதர் மரியாக் எழுதினார். இனி அவரைப் பட்டப்பெயர்களால் அழைக்கக்கூடாது, துணியின் பிசிறு கத்தரிக்கும் தாமஸ் கிராம்வெல் என்றே சொல்லவேண்டும் என்று அரசர் அறிவித்ததையும் அவரே குறித்திருக்கிறார். சட்டம் வருமுன்பே பெயர் பறிபோயிற்று.

சட்டமுன்வடிவு ஜூன் 17 அன்று பிரபுக்கள் அவைக்கு வந்தது. இறுதி வடிவில் ஜூன் 29 அன்று நிறைவேறியது. மிக இழிந்த நிலையிலிருந்து அரசரால் உயர்த்தப்பட்டவர் என்று தொடங்கி, மதத்திரிபு, லஞ்சம், அதிகார மீறல் என்று அது அடுக்கிக்கொண்டே போகிறது. உச்சமான குற்றச்சாட்டு சில சொற்கள்தாம்: அரசரே சீர்திருத்தக் கிறித்தவம் என்னும் புதிய நெறியிலிருந்து திரும்பினாலும் தாம் திரும்பப்போவதில்லை, கையில் வாளேந்தி அவரை எதிர்த்துக் களத்தில் நிற்பேன் என்று 1539 மார்ச் கடைசி நாளில் அவர் சொன்னாராம். சொல்லையும் துரோகமாக்கிய 1534ஆம் ஆண்டுச் சட்டம் அவர் காலத்துச் சரக்கு. மறுநாள், ஜூன் 30 அன்று, அவர் லண்டன் கோபுரச் சிறையிலிருந்து கிளீவ்ஸ் திருமணத்தைப் பற்றி அரசருக்கு நீண்ட கடிதம் எழுதி, கருணை, கருணை, கருணை என்று மூன்று முறை கெஞ்சினார். அத்திருமணத்தை முறிக்க அரசருக்கு அவருடைய சாட்சியம் வேண்டியிருந்தது. அட்டெய்ண்டருக்கு உள்ளானவர் எந்த நீதிமன்றத்திலும் சாட்சி சொல்லத் தகுதியற்றவர் என்று சட்டநூல்கள் கூறும். அரசருக்கு அந்தத் தடை உறைக்கவில்லை. ஜூலை 28 அன்று கோபுரக் குன்றில் கிராம்வெல்லின் தலை வெட்டப்பட்டது. அதே நாளில் அரசர் கேத்தரின் ஹோவர்டை மணந்தார்.

இனி சொல்லின் இரண்டாம் பாதி. ஆங்கிலத்தில் 'டெய்ண்ட்' என்றால் கறைப்படுத்துதல். அதன் வேர் இலத்தீனின் 'திங்கெரே', அதாவது சாயம் தோய்த்தல். அட்டெய்ண்டருக்கும் அதற்கும் பிறப்பால் உறவில்லை. ஆனால் ஒலி நெருங்கியதால் பொருளும் நெருங்கி, தொடுதல் என்று தொடங்கிய சொல்லில் கறை என்ற சாயம் ஏறிவிட்டது. துணி வணிகருக்கு வந்த முடிவில் சாயப்பட்டறைச் சொல் ஒன்று கலந்திருப்பது தற்செயல்தான், ஆனாலும் சொல்லாமல் விட மனமில்லை. சட்டமும் இதையே கோட்பாடாக்கியது: அட்டெய்ண்டரால் ஒருவரின் இரத்தம் கெட்டுப்போகிறது, ஆகவே அவர் வழியாக எவரும் எதையும் மரபுரிமையாகப் பெற இயலாது. அதனால்தான் கிராம்வெல்லின் மகன் கிரெகரி தந்தையின் பட்டத்தை அடையவில்லை. 1540 டிசம்பரில் அவரைப் பிரபுவாக்க அரசர் விரும்பியபோது, பழைய பட்டத்தைத் திருப்பித் தராமல் புதிதாக ஒரு பட்டத்தை உண்டாக்கித் தரவேண்டியிருந்தது. இந்த இரத்தக் கேட்டை இங்கிலாந்து 1870இல்தான் ஒழித்தது.

தமிழில் இதை என்னவென்று சொல்வது? தொடுதலும் கறையும் ஒரே சொல்லில் கலந்தது ஆங்கிலத்தில் விபத்து; தமிழில் அது இயல்பு. தீண்டு என்றால் தொடுதல். பாம்பு கடித்ததையும் நாம் 'தீண்டியது' என்கிறோம், தொட்டாலே உயிர் போகும் என்பதால். அதிலிருந்து வந்த தீட்டு என்ற பெயர் தொடுதலால் ஒட்டும் மாசைக் குறிக்கும். வண்ணம் பூசுதலும் தீட்டுதலே. இவ்வளவு பொருத்தமாக இருந்தும் தீட்டு என்ற சொல்லை நான் பரிந்துரைக்கமாட்டேன். சாதியின் பெயராலும் மாதவிலக்கின் பெயராலும் அச்சொல் செய்த கொடுமை இன்னும் உயிரோடிருக்க, அதை ஒரு சட்டக் கலைச்சொல்லாக வெறுமனே ஆள முடியாது. 'உரிமைப் பறிப்பு' என்றால் விளைவின் ஒரு பகுதி மட்டுமே புலப்படும். தலை போன கதை அதில் இல்லை. 'குற்றச்சாட்டுச் சட்டம்' என்பதோ முற்றிலும் தவறு. சாட்டுதல் வழக்கின் தொடக்கம்; அட்டெய்ண்டர் அதன் முடிவு.

என் தேர்வு 'பழிசாற்று' என்பது. சாற்றுதல் என்றால் பறையறைந்து அறிவித்தல். அதே சொல் இறைவனுக்குச் சந்தனம் சாற்றுதல் என்னும்போது பூசுதலையும் அணிவித்தலையும் குறிக்கும். பழியை அறிவிப்பதும் பூசுவதும் ஒருங்கே நடப்பதை அது காட்டுகிறது. ஆங்கிலத்தில் சட்டமான பின்னும் 'பில்' என்றே வழங்கும் பழக்கத்தை நாம் பின்பற்றவேண்டியதில்லை. அவையில் இருக்கும் வரை பழிசாற்றுச் சட்டமுன்வடிவு, நிறைவேறியபின் பழிசாற்றுச் சட்டம். இரத்தக் கேட்டுக்கு 'குருதிக்கறை' என்றால் கொலை நடந்த அறை நினைவுக்கு வரும். 'குடிக்கறை' என்றால் மதுக்கடை. 'மரபுக்கறை' என்பது போதும். நற்குடியில் பிறந்தவரின் குற்றத்தை மதியில் தெரியும் 'மறு' என்றது குறள். ஆனால் அங்கே குற்றம் குடியின் பெருமையால் பெரிதாகத் தெரிகிறது, இங்கே குற்றம் குடியையே கெடுக்கிறது. ஆகவே அந்த அழகிய சொல்லை இங்கே இழுக்கவேண்டாம்.

தமிழர் அறிந்த நிலப்பரப்பிலும் இச்சொல்லுக்கு வேலை உண்டு. இலங்கையில் 1962 ஜனவரியில் நடந்த ராணுவப் புரட்சி முயற்சிக்குப் பின், அதில் பிடிபட்டவர்களை மனத்தில் வைத்தே நாடாளுமன்றம் சிறப்புச் சட்டம் இயற்றியது. 1965இல் 11 பேருக்குத் தண்டனை கிடைத்தது. அதே ஆண்டு டிசம்பரில் இலங்கைக்கு அன்று இறுதி மேல்முறையீட்டு மன்றமாயிருந்த லண்டன் பிரிவி கவுன்சில் அத்தீர்ப்பை நீக்கியது. குறிப்பிட்ட ஒருவரைத் துரோகியாக்கும் சட்டம் சட்டமன்று, தீர்ப்பே என்ற 18ஆம் நூற்றாண்டுச் சட்டவியலாளர் பிளாக்ஸ்டனின் கருத்தை நீதிபதிகள் அங்கே எடுத்துக்காட்டினர். இத்தகைய வழக்குகளைத் தமிழில் எழுதும்போது 'பழிசாற்றுத் தன்மையுள்ள சட்டம்' என்று சொன்னால் பொருள் நேராக விளங்கும்.

சாற்று, சாட்டு ஆகிய இரண்டும் எழுத்தில் நெருங்கியிருப்பதால் மயங்கக்கூடும். வாக்கியத்தில் வைத்துப் பார்த்தால் வேறுபாடு தெளியும். 1540 ஜூனில் கிராம்வெல் நாடாளுமன்றத்தால் பழிசாற்றப்பட்டார். 1541 மார்ச்சில் அரசர், பொய்க் காரணங்களைச் சொல்லித் தம் மிக விசுவாசமான ஊழியரைக் கொல்லச் செய்துவிட்டார்கள் என்று தம் ஆலோசகர்கள் மீது பழி சாட்டினார்.