குவார்ட்டர்பேக்: அந்தக் ‘கால்’ எங்கிருந்து வந்தது?

அமெரிக்கக் கால்பந்தில் முன்வரிசையின் நடுவில் நிற்கும் சென்டர் குனிந்து நின்று, கால்களுக்கு இடையே பந்தைப் பின்னால் கொடுப்பார். அதற்கு ஸ்நாப் என்று பெயர். அந்தப் பந்தை வாங்கி, எறிவதா, ஓடுபவரிடம் கொடுப்பதா, தானே ஓடுவதா என்று இரண்டு மூன்று நொடிக்குள் முடிவெடுப்பவர்தான் குவார்ட்டர்பேக்.

குவார்ட்டர் என்றால் கால்பங்கு. ஆட்டம் நான்கு கால்பகுதிகளாக நடப்பதால் வந்த பெயர் என்று சிலர் எழுதுகிறார்கள். தவறு. நான்கு பகுதி முறை 1910இல் வந்தது. பெயர் அதற்கு முப்பது ஆண்டு மூத்தது. ரக்பியிலிருந்து பிரிந்த இந்த ஆட்டத்தில், முன்வரிசைக்குப் பின்னால் நிற்பவரெல்லாம் ‘பேக்’. கடைசியில் நிற்பவர் ஃபுல்பேக், பாதித் தொலைவில் ஹாஃப்பேக், கால்வாசித் தொலைவில் குவார்ட்டர்பேக். 1880இல், இந்த ஆட்டத்தின் தொடக்ககால விதிகளை வகுத்த வால்டர் கேம்ப் கொண்டுவந்த விதி, ஸ்நாப்பை முதலில் பெறுபவருக்கு இந்தப் பெயரை உறுதிசெய்தது. பந்தோடு அவர் முன்னே ஓடக்கூடாது என்றும் தடுத்தது. வாங்கிக் கைமாற்றுவதே அன்று அவர் வேலை. 1906இல் பந்தை முன்னோக்கி எறிய அனுமதி வந்தபின் வேலை அடியோடு மாறியது, பெயர் மாறவில்லை. இன்று பல ஆட்டங்களில் அவர் ஐந்து கெஜம் பின்னால், ஓடுபவருக்குப் பக்கத்திலேயே நிற்கிறார். கால்வாசிக் கணக்கு எப்போதோ பொய்த்துவிட்டது.

அதனால் தமிழில் நேர்ப்பெயர்ப்பு உதவாது. ‘காற்பின்னர்’ என்றால் பாதத்தின் பின்பக்கம் என்று தோன்றும். ‘குவார்ட்டர்’ என்று சுருக்கினாலோ தமிழ்நாட்டில் 180 மில்லிதான் நினைவுக்கு வரும். இடத்தை விட்டுச் செயலைப் பிடிக்க வேண்டும். ‘நடத்துநர்’ பேருந்துக்குப் போய்விட்டார். ஆடுதல், ஆட்டுவித்தல் என்ற வினையிலிருந்து ‘ஆட்டுவிப்பாளர்’ எனலாம். செய்தியில் குவார்ட்டர்பேக் என்றே எழுதி, முதல்முறை மட்டும் இதைச் சேர்த்தால் போதும்.

முன்னொட்டில்தான் சிக்கல் அதிகம். ஆட்டத்தைத் தொடங்கும் குவார்ட்டர்பேக்கான ஸ்டார்ட்டரை ‘தொடக்க’ என்றால் கிரிக்கெட்டின் தொடக்க ஆட்டக்காரர் குறுக்கே வருவார். இவரோ காயமோ படுமோசமான ஆட்டமோ இல்லாதவரை கடைசிவரை நிற்பவர், ‘முதன்மை’ பொருந்தும். அவர் ஆடமுடியாதபோது வரும் பேக்கப்பைத் ‘துணை’ என்பதும் பிழை, இருவரும் சேர்ந்து ஆடுவது அரிது. ‘மாற்று’ என்றால் பயிற்றுநர் நினைத்தபோது இறக்குபவர் போலிருக்கும். ‘இருப்பு’ என்பதே சரி: பல பருவங்களில் பெரும்பாலும் கையிருப்பாகவே இருந்துவிடுகிறவர்.

கையிருப்பை எடுத்தால் சிக்கல்தான். ஏன் என்றால், வாரப் பயிற்சியில் முதன்மை அணியோடு ஆடும் வாய்ப்பு ஏறக்குறைய முழுவதும் முதன்மையானவருக்கே போகும். இருப்பு வீரர் எதிரணியின் ஆட்டமுறையை நடித்துக்காட்டித் தன் தடுப்பாளர்களைத் தயார்செய்வார். திடீரென்று உள்ளே வரும்போது, ஸ்நாப்புக்கு முன் அவர் குரல்கொடுக்கும் தாளம் முன்வரிசைக்குப் பழக்கமிருக்காது. ஒருவர் முந்தி அசைந்தால் ஐந்து கெஜம் தண்டம். ஸ்நாப்பும் கைநழுவும். அவர் இடக்கையராக இருந்தால், எறிபவரின் முதுகுப்புறத்தைக் காக்கும் பொறுப்பு முன்வரிசையின் இடக்கோடியிலிருந்து வலக்கோடிக்கு மாறிவிடும்.

ஆனாலும் இருப்பு என்றால் இளப்பம் இல்லை. 2001 செப்டம்பரில் ட்ரூ பிளெட்சோ காயமடைந்ததால் உள்ளே வந்தவர், பின்னாளில் ஆட்டத்தின் மிகச் சிறந்தவர்களில் ஒருவரான டாம் பிரேடி. 2017 டிசம்பரில் கார்சன் வென்ட்சின் முழங்கால் போனபின் வந்த நிக் ஃபோல்ஸ், அந்தப் பருவத்தின் இறுதிப்போட்டியான சூப்பர் பவுலில் சிறந்த வீரரானார்.

மூன்றாமவருக்கும் சொல் வேண்டும். 2023 ஜனவரியில் ஃபிலடெல்ஃபியாவில் சான் ஃபிரான்சிஸ்கோ அணியின் முதன்மையான பிராக் பர்டிக்கு முழங்கை, இருப்பான ஜாஷ் ஜான்சனுக்குத் தலை என இருவரும் அடிபட்டார்கள். எறிய முடியாத கையோடு பர்டி திரும்ப வந்தார். அதே ஆண்டில் அமெரிக்கத் தொழில்முறைக் கால்பந்து லீக்கான என்எஃப்எல் விதியை மாற்றியது: முதல் இருவரும் காயத்தாலோ வெளியேற்றத்தாலோ ஆடமுடியாமல் போனால் மட்டும் மூன்றாமவர் இறங்கலாம், மோசமாக ஆடினார்கள் என்பதற்காக இறக்கக்கூடாது. முதல் இருவரில் ஒருவரை மருத்துவர் மீண்டும் ஆட அனுமதித்துவிட்டால் மூன்றாமவர் வெளியேற வேண்டும். ஆகவே அவர் ‘அவசர ஆட்டுவிப்பாளர்’. ‘இரண்டாம் இருப்பு’ என்று எழுதினால் இந்த நிபந்தனை விடுபட்டுப்போகும்.