கடைசி வாங்கில இருத்தினா அது உட்படுத்தல் கல்வி ஆகுமோ?

வன்னிக்குள்ள விசேட கல்வி ரீச்சரா வேலை செய்யிறன். உட்படுத்தல் கல்வி எண்டா, குறைபாடு இருக்கிற பிள்ளையளையும் மற்றப் பிள்ளையளோட ஒரே வகுப்பில சேத்துப் படிப்பிக்கிறது. ஒரு புதுப் பள்ளிக்கூடத்துக்குப் போனா அதிபர்மார் சந்தோசமாச் சொல்லுவினம், "எங்களிட்டயும் உட்படுத்தல் கல்வி நடக்குது ரீச்சர், ரெண்டு பிள்ளையள் இருக்கினம்" எண்டு. சரியெண்டு கிளாசுக்குள்ள போய்ப் பாத்தா அந்த ரெண்டும் கடைசி வாங்கில, கையில கலர் பென்சில், முன்னால ஒரு வெள்ளைத்தாள். மற்றதுகள் பின்னம் படிக்குதுகள், இதுகள் போன வருசம் கலர் அடிச்ச அதே மாம்பழத்துக்கு இந்த வருசமும் கலர் அடிக்குதுகள். இடாப்பில பேர் இருக்கு, வரவும் நூறு வீதம். ஆனா அந்த வகுப்பில அந்தப் பிள்ளை இல்லை.

1994ல ஸ்பெயின்ல சலமன்காவில நாடுகள் கூடி, எந்தக் குறையோட இருக்கிற பிள்ளையையும் சாதாரண பள்ளிக்கூடம் ஏற்க வேணும் எண்டு சொல்லிச்சினம். இலங்கை 2016ல ஐநாவின்ர மாற்றுத்திறனாளிகள் உரிமை சமவாயத்தை ஏற்று உறுதிப்படுத்தினது, அதில 24ம் உறுப்புரை முழுக்கக் கல்விதான். அதே வருசம் ஐநா குழு அதுக்கு ஒரு விளக்கம் குடுத்தது. பிள்ளையை வெளியில விடுறது ஒண்டு, வேற இடத்தில பிரிச்சு வச்சுப் படிப்பிக்கிறது ஒண்டு, உள்ளுக்க எடுத்துப்போட்டு "நீ எங்களுக்கு ஏத்த மாதிரி மாறு" எண்டுறது ஒண்டு, பள்ளிக்கூடம் பிள்ளைக்கு ஏத்த மாதிரி மாறுறது ஒண்டு. இந்த நாலாவதுதான் உட்படுத்தல். எங்கட ஆக்கள் அனேகமா மூண்டாவதில நிண்டுகொண்டு நாலாவதின்ர பேரைச் சொல்லுறம்.

ஒரு பெடியனைப் பற்றிச் சொல்லுறன், மூண்டாம் வகுப்பு. "கூப்பிட்டாத் திரும்பமாட்டான், மந்தம் ரீச்சர்" எண்டுதான் எனக்குக் காட்டிச்சினம். நான் அவனுக்குப் பக்கத்தில கடைசி வாங்கில ஒரு பாடம் முழுக்க இருந்து பாத்தன். ஒரே ஹோல்ல மூண்டு வகுப்பு, நடுவில தட்டி கூட இல்லை, சுத்திவர அரைச்சுவர், மேல தகரம். வகுப்பு ரீச்சர் கரும்பலகையைப் பாத்து எழுதிக்கொண்டே கதைக்கிறா, பெடியன் கொப்பியை வெறுமையாப் பாத்துக்கொண்டு இருக்கிறான். அவ திரும்பினவுடன அவன்ர கண் அவவின்ர வாயில போய் நிக்குது. வாயை மறைச்சுக்கொண்டு அவன்ர பேரைச் சொல்லிப் பாத்தன், அசையேல்லை. தாயிட்டக் கேட்டா, சின்னனில இருந்து காதால சீழ் வாறதாம், நல்லெண்ணெய் காய்ச்சி விட்டவவாம் (தயவு செய்து காதுக்குள்ள எண்ணெய் விடாதேங்கோ, எத்தினை தரம் சொல்லுறது). பெரியாஸ்பத்திரிக்கு அனுப்பி, காது துப்புரவாக்கி, பிறகு கருவியும் கிடைச்சுது.

கருவி வந்தா எல்லாம் சரி எண்டு நினைக்கக்கூடாது. அது ரீச்சரின்ர குரலை மட்டும் கூட்டிக் குடுக்காது, பக்கத்து வகுப்பு வாய்ப்பாட்டையும் தகரத்தில விழுற மழையையும் சேத்துத்தான் கூட்டும், ஆள் ரெண்டு மீற்றருக்குள்ள நிண்டு கதைச்சாத்தான் பிரயோசனம். அதால மூண்டு விசயம் மாத்தினம். முன் வாங்கு, அதுவும் மற்ற வகுப்புப் பக்கம் இல்லாம சுவர்ப் பக்கமா. ரீச்சர் எழுதி முடிச்சுத் திரும்பித்தான் கதைக்கிறது. பக்கத்தில ஒரு கெட்டிக்கார வாயாடிப் பெட்டை, பக்க நம்பரைக் கையால காட்டிவிடுறது அவவின்ர பொறுப்பு. காசு ஒண்டும் போகேல்லை. காசு போறது கருவியின்ர பற்றரிக்குத்தான், ஒண்டு ரெண்டு கிழமை தாண்டாது, தாய் மிச்சம் பிடிக்கிறதுக்காக வீட்டில கழட்டி வைக்கிறா. அவவைக் குறை சொல்ல எனக்கு மனம் வரேல்லை.

ஏன், இப்பிடியான பிள்ளையளை மட்டும் வச்சுப் படிப்பிக்கிற தனி அலகுக்கு அனுப்பினா என்ன எண்டு கேக்கிறவை இருக்கினம். துணுக்காய், மாந்தை கிழக்குப் பக்கம் உள்ளுக்க போய்ப் பாருங்கோ, பஸ் வாறதே அருமை, கூலிக்குப் போற தாய் எப்பிடி ஒவ்வொரு நாளும் பிள்ளையைக் கொண்டு போய் விட்டிட்டு வாறது? பிள்ளை வீட்டில நிண்டிடும், அவ்வளவுதான். எங்களுக்கு உட்படுத்தல் கல்வி பெரிய கொள்கை இல்லை, கிட்ட இருக்கிற ஒரே பள்ளிக்கூடம் அதுதான். உண்மையைச் சொன்னா பத்துப் பிள்ளை இருக்கிற சின்னப் பள்ளிக்கூடத்தில இது நாப்பது பேர் வகுப்பை விட லேசா நடக்கும், அங்க அஞ்சாம் வகுப்புப் புலமைப்பரிசில் பாஸ் வீதம் குறைஞ்சிடும் எண்ட பயமும் குறைவு. அதுக்காக காது கேக்காத பிள்ளையளைப் படிப்பிக்கிற கைதடி நஃபீல்ட் மாதிரி விசேட பள்ளிக்கூடங்கள் தேவையில்லை எண்டு சொல்லேல்லை, சைகை மொழிதான் வழி எண்டிருக்கிற பிள்ளைக்குச் சைகை தெரிஞ்ச சிநேகிதர் வேணும்.

இன்னொண்டு. எந்தப் பிள்ளையின்ர குறையைக் கேட்டாலும் "அது சண்டையால வந்தது" எண்டுவினம். இப்ப வகுப்பில இருக்கிறதுகள் சண்டை முடிஞ்ச 2009க்குப் பிறகு பிறந்த பிள்ளையள். செல் துண்டு தாய் தேப்பனின்ர உடம்பில இருக்கு, அந்த வலியும் இருக்கு, இல்லையெண்டு நான் சொல்லேல்லை. ஆனா அப்பிடிச் சொல்லிப்போட்டு விட்டிடுறதால காதுச் சீழும், கண்ணாடி போட்டாத் தீருற பார்வைக் குறையும், மருந்துக்கு அடங்கிற வலிப்பும் பாக்காமலே போகுது.

கடைசியா ஒரு சாய்தளக் கதை. ஒரு பள்ளிக்கூடத்தில ரெண்டடி உயரத் திண்ணைக்கு ஆறடி நீளத்தில, சக்கர நாற்காலி ஏற எண்டு சாய்தளம் கட்டியிருக்கு, பெயின்ற் எல்லாம் வடிவு. கணக்குப்படி ஓரடி உயரத்துக்குப் பன்னிரண்டடி, அப்ப இருபத்திநாலடி வேணும். நாலு பெடியள் தள்ளினாத்தான் கதிரை ஏறும். ரொயிலற் கதவும் ரெண்டடி, சக்கர நாற்காலி உள்ளுக்க போகவே போகாது. ஏன் பிள்ளை தண்ணிப்போத்தல் கொண்டு வாறேல்லை எண்டு அந்தக் கதிரையில வாற ஆறாம் வகுப்புப் பெட்டையிட்டக் கேட்டன். "குடிச்சா ரொயிலற் போக வேணும் ரீச்சர்" எண்டாள். காலமை வீட்டிலயும் குடிக்கிறேல்லையாம், ரெண்டு மணிக்குப் போய்த்தான் குடிக்கிறது. வெய்யில் காலத்தில கிளிநொச்சிச் சூடு உங்களுக்குத் தெரியும்தானே.

அபிவிருத்திச் சங்கக் கூட்டத்தில சாய்தளத்தைப் பிறகு பாப்பம், முதல் கதவை அகட்டுங்கோ எண்டு கேட்டன். ஒரு தேப்பன் மேசன், போன கிழமை வந்து நிலையை அளந்துகொண்டு போயிருக்கிறார்.