டிசைன் என்றால் பூவேலை மட்டும்தானா?

அண்ணன் மகள் இங்கிலாந்தில் பள்ளியில் படிக்கிறாள். விடுமுறைக்குத் தக்கலை வந்திருந்தபோது 'டிசைன் அண்ட் டெக்னாலஜி' பாடம் எடுத்திருப்பதாகச் சொன்னாள். என் அம்மா உடனே, "பிளவுசு கழுத்துக்குப் போடுத டிசைனா மக்களே?" என்று கேட்டார். அம்மா கேட்டதில் தப்பில்லை. நம் பேச்சில் டிசைன் என்பது சேலைக் கரையிலும் வளையலிலும் வாசல் கதவிலும் இருப்பது. பொருள் முதலில் வந்துவிடும், டிசைன் அப்புறம் அதன்மேல் ஏறும்.

சொல் பிறந்த கதை வேறு. இலத்தீனில் 'சிக்னும்' என்றால் குறி, அடையாளம். 'தேசிக்னாரே' என்றால் குறித்துக் காட்டுதல். அது பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்குப் போனபோது வரைதல், நோக்கம் என்ற இரண்டு பொருளையும் சுமந்து சென்றது. நாம் அந்த நோக்கத்தை விட்டுவிட்டு வரைதலை மட்டும் எடுத்துக்கொண்டோம்.

பள்ளிப் பாடத்தில் நோக்கம்தான் முதலில் நிற்கிறது. இங்கிலாந்தில் இது 1990இல் தேசியப் பாடத்திட்டத்துக்குள் வந்தது. அங்கே பதினாறு வயதுவாக்கில் எழுதும் ஜி.சி.எஸ்.இ. பொதுத்தேர்வில் இந்தப் பாடத்துக்குப் பாதி மதிப்பெண் எழுத்துத் தேர்வுக்கு. மறுபாதி மாணவர் தானே எடுத்துச் செய்யும் ஒரு வேலைக்கு. தேர்வு வாரியம் ஒரு சூழலை மட்டும் தரும். அதில் யாருக்கு என்ன இடைஞ்சல் என்று மாணவர்தான் தேடிப் பிடிக்க வேண்டும். இடைஞ்சல் படுகிறவரோடு பேசி, அளவெடுத்து, வரைந்து, அட்டையிலோ மரத்திலோ செய்து, அவர் கையிலேயே கொடுத்துப் பார்த்து, குறை தெரிந்தால் திருத்த வேண்டும். பூவேலைக்கு அதில் சின்ன இடம்தான்.

தமிழில் வழங்கும் சொல் வடிவமைப்பு. வடிவம் என்ற முதல் பாதியிலேயே காது நின்றுவிடுவதால் இதையும் வெளித்தோற்றம் என்றே பலர் எடுத்துக்கொள்கிறார்கள். ஆனால் உயிர் இருப்பது இரண்டாம் பாதியில். "நல்ல வரன் அமைந்தது", "வீடு வசதியாக அமைந்தது" என்கிறோமே, அங்கே அமைதல் என்றால் பொருந்துதல். தேவைக்குப் பொருந்தும்படி ஒன்றுக்கு வடிவம் கொடுப்பது வடிவமைப்பு. இப்படிப் படித்தால் இந்தச் சொல்லில் ஒரு குறையும் எனக்குத் தெரியவில்லை.

இதைவிடப் பழைய சொல் ஒன்றும் உண்டு: வகுத்தல். நெடுநல்வாடையில் அரண்மனை கட்டும் இடத்தில், நூல் அறிந்தவர்கள் "நுண்ணிதின் கயிறிட்டு", திசை பார்த்து, மனை வகுக்கிறார்கள். கட்டுவதற்கு முன்பே தரையில் குறித்துவிடுகிறார்கள். இலத்தீன்காரர் சொன்னதும் அதேதான்! நம் பக்கத்தில் வீட்டுக்கு வானம் தோண்டும் முன் முளை அடித்துக் கயிறு பிடிப்பதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அந்த வரி நினைவுக்கு வரும். ஆனால் வகுத்தல் இன்று கணக்குப் பாடத்துக்குப் போய்விட்டது. பாடத்தின் பெயராக வைத்தால் பிள்ளைகள் குழம்புவார்கள். "திட்டம் வகுத்தார்" என்பதைப் போல வினையாக வைத்துக்கொள்ளலாம்.

அண்ணன் மகளுக்கு உதாரணம் காட்டக் குளச்சல் கடற்கரைக்குப் போனோம். கட்டுமரம் என்ற பெயரிலேயே அதன் வடிவமைப்பு இருக்கிறது. கனமில்லாத மரங்களைச் சேர்த்துக் கட்டியது. அலை மேலே புரண்டாலும் தண்ணீர் இடுக்கு வழியே வடிந்துவிடும், உள்ளே தேங்காது. கரைக்கு வந்ததும் கட்டை அவிழ்த்து மரத்தைக் காயவைக்கலாம். துறைமுகம் இல்லாத கரை, ஓயாமல் உடையும் அலை, அதில் இறங்கிப் பிழைக்க வேண்டிய மனிதர் என்ற மூன்றுக்கும் பொருந்தி அமைந்த விடை அது. ஆங்கிலத்தின் 'கேட்டமரான்' இந்தச் சொல்தான் என்று சொன்னதும் அவளுக்கு ஒரே சந்தோஷம்.

டெக்னாலஜிக்குத் தொழில்நுட்பம் சரியாகவே இருக்கிறது. கிரேக்கத்தில் 'தெக்னே' என்றால் கைத்திறம். தச்சரைக் குறிக்கும் 'தெக்தோன்' அதற்கு உறவு. நம் சொல்லிலும் தொழில் முன்னால் நிற்கிறது.

'புராடக்ட் டிசைன்' என்பதை உற்பத்தி வடிவமைப்பு என்று எழுதாதீர்கள். அது ஆலையில் வேலை நடக்கும் முறையைத் திட்டமிடுவது போல ஒலிக்கிறது. பொருள் வடிவமைப்பு போதும். முதலில் செய்து பார்க்கும் பொருளுக்கு முன்மாதிரி. அதைப் பயன்படுத்திப் பார்ப்பதற்கு, தேருக்கும் படகுக்கும் நாம் சொல்லும் வெள்ளோட்டம் இருக்கிறது. பாட்டிக்காக அண்ணன் மகள் செய்த ஊறுகாய்ப் பாட்டில் திறப்பானுக்கு எங்கள் அடுக்களையில்தான் வெள்ளோட்டம் நடந்தது. பிடி வழுக்குகிறது என்று அம்மா சொன்னார். அவள் அதைக் குறித்துக்கொண்டாள்.