நெகட்டிவ் வந்துவிட்டதே, பள்ளிக்கு அனுப்பலாமா?

இது கோவிட் பெருந்தொற்றுக் காலத்தில் எழுதியது. நோயாளிக்குப் பத்து நாள், அவரோடு பழகியவருக்குப் பதினாலு நாள் வீட்டில் என்பது அப்போதைய விதி. நேற்றும் ஒருவர் வந்தார். மகளின் வகுப்பில் ஒரு பிள்ளைக்குக் கோவிட். அந்தப் பிள்ளையோடு ஒரே குழுவில் இருந்த எல்லோரையும் பள்ளி வீட்டுக்கு அனுப்பிவிட்டது. இரண்டு நாளில் பரிசோதனை எடுத்திருக்கிறார்கள், நெகட்டிவ். "ஒரு ஃபிட்னஸ் சர்டிபிகேட் எழுதிக் கொடுங்க டாக்டர், நாளைக்கே அனுப்பிடுறேன்." முடியாது என்றதும் முகம் சுண்டிப்போனது. இதே வாக்குவாதம் இந்த மாதத்தில் எத்தனை பேரோடு என்று கணக்கே இல்லை.

நெகட்டிவ் என்றால் கிருமி உள்ளே நுழையவில்லை என்று அர்த்தமில்லை. மாதிரி எடுத்த அந்த நேரத்தில், பரிசோதனையில் சிக்கும் அளவுக்கு அது பெருகவில்லை, அவ்வளவுதான். விதைத்த மறுநாளே மண்ணைக் கிளறிப் பார்த்துவிட்டு 'முளையைக் காணோம், அதனால் விதையே இல்லை' என்பீர்களா? தொற்றியபின் அறிகுறி தெரிய 2 முதல் 14 நாள் ஆகலாம், பலருக்கு ஐந்தாம் நாளையொட்டி. அதற்கும் இரண்டு நாள் முன்பே பிள்ளை பரப்பத் தொடங்கிவிடலாம். திங்களன்று தொற்றுகிறது, புதனன்று நெகட்டிவ், வியாழனன்று வகுப்பு, சனியன்று காய்ச்சல். வியாழனும் வெள்ளியும் பக்கத்தில் உட்கார்ந்த பிள்ளைகளை நினைத்துப் பாருங்கள். அமெரிக்காவின் நோய்த் தடுப்பு அமைப்பான சிடிசி 2020 டிசம்பரில் பழகியவரின் 14 நாள் காத்திருப்பை, நெகட்டிவ் முடிவு இருந்தால் 7 நாளாகக் குறைக்க இடம் கொடுத்தபோதுகூட, ஐந்தாம் நாளுக்கு முன் எடுத்த முடிவை ஏற்கவில்லை.

நம் மொழியும் கொஞ்சம் காலை வாருகிறது. நோய் உறுதியானவரைப் பிரித்து வைப்பது ஐசொலேஷன். அவரோடு பழகியவரை வீட்டில் வைத்துப் பார்ப்பது குவாரன்டைன். இரண்டையும் 'தனிமைப்படுத்தல்' என்றே சொல்லிவிடுகிறோம். "நோயாளிக்கே பத்து நாள்தானே, ஒன்றுமில்லாத என் பிள்ளைக்கு எதற்குப் பதினாலு?" என்ற கோபம் அங்கிருந்து வருவதுதான். நோயாளிக்குத் தொடங்கிய நாள் தெரியும். உங்கள் பிள்ளைக்கு இனிமேல்தான் தொடங்கப்போகிறதா என்பதே தெரியாது. கடைசியாகப் பழகிய நாளிலிருந்து எண்ணுங்கள், பரிசோதனை நாளிலிருந்து அல்ல.

பள்ளிகளையும் விடுவதாக இல்லை. 2020 ஏப்ரல் 15 அன்று டென்மார்க் பள்ளிகளைத் திறந்தபோது பிள்ளைகளைச் சிறு குழுக்களாகப் பிரித்தது. ஒரு குழுவில் நோய் வந்தால் அந்தச் சிலர் மட்டும் வீட்டில் இருந்தால் போதும், பள்ளி நடக்கும். வகுப்பில் பிரித்துவிட்டு வேனில் எல்லோரையும் ஒன்றாக ஏற்றினால் அது குழுவா? பிள்ளைகளைப் பிரித்த ஆசிரியர்களே ஓய்வறையில் முகக்கவசம் கழற்றி ஒரே மேசையில் சாப்பிடுவதையும் பார்த்திருக்கிறேன். முழு வருகைக்குப் பரிசு கொடுக்கும் வழக்கத்தையும் தயவுசெய்து இந்த ஆண்டு நிறுத்துங்கள். காய்ச்சலோடு வரச் சொல்லி நீங்களே அழைப்பதாகிவிடும்.

பெற்றோரே, பாராசிட்டமால் கொடுத்துக் காய்ச்சலை அமுக்கி, வாசல் வெப்பமானியைத் தாண்டவைக்காதீர்கள். இரண்டு மணி நேரத்தில் வகுப்பில் காய்ச்சல் ஏறுகிறது, நாங்கள் பார்க்கத்தான் செய்கிறோம். வீட்டிலிருக்கும் பிள்ளைக்கு அறிகுறி வந்தால் அன்றே பள்ளிக்குச் சொல்லுங்கள். பழகியவரோடு பழகியவர் என்பதற்காக வேறு குழுவிலுள்ள தம்பி தங்கையை நிறுத்த வேண்டியதில்லை, மூத்ததற்கு உறுதியானால் மட்டும். யாரால் வந்தது என்று பெற்றோர் வாட்ஸாப் குழுவில் துப்பறியவும் வேண்டாம். பெயர் வெளியே வந்த ஒரு சிறுவன் குணமான பிறகும் பள்ளிக்குப் போக மாட்டேன் என்று என் முன்னால் அழுதான்.

நேற்று வந்தவருக்குச் சர்டிபிகேட்டுக்குப் பதில் இரண்டு தேதி எழுதிக் கொடுத்தேன்: கடைசியாகப் பழகிய நாள், பள்ளிக்குத் திரும்பும் நாள். மடித்துப் பையில் வைத்துக்கொண்டு, வேறு டாக்டரைப் பார்க்கிறேன் என்று சொல்லிவிட்டுப் போனார்.